பதினான்காவது வரி

கும்பகோணம் புறவழிச்சாலையில் நான் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த கார் பணிமனையில், ஆல்டர்னேட்டர் மாற்றும் வேலைக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. லேமினேட் செய்து ஒவ்வொரு கருவிப் பெட்டியின் மூடியிலும் ஒட்டியிருப்பார்கள். மொத்தம் பதினான்கு வரிகள். இப்போது காகிதப் பட்டியல்களையெல்லாம் டேப்பில், அதாவது கையடக்கக் கணினியில், ஏற்றுகிறார்கள். அந்த வேலையைப் பார்க்கும் பெண் சென்ற மாதம் எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள்.

"அக்கா, பதிமூணு வரி வரைக்கும் நட்டு, போல்ட்டு, வோல்ட்டுன்னு இருக்கு. பதினாலாவது மட்டும் வாயப் பத்தி இருக்கு. ஒரே ஆளு ஆமா, இல்லன்னு அழுத்துற மாதிரி கேள்விதான் டேப்ல ஏறுமாம். இதுக்கு ரெண்டு ஆளு வேணும். எடுத்துரட்டுமா?"

அந்த வரி இதுதான்: ‘பானெட்டை மூடுமுன், கூட இருப்பவர் தன் கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டாரா?’

எடுக்க வேண்டாம் என்று பதில் அனுப்பினேன். ஏன் என்று கேட்டாள். அவளுக்கும் அவளோடு வேலை பார்க்கும் பெண்களுக்குமாக இதை எழுதுகிறேன். முதல் பதிமூன்று வரிகளை எங்கள் பணிமனை மேலாளர் கலியமூர்த்தி சார் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினான்காவதை நானாகச் சேர்த்தேன். அதற்குக் காரணம் என் பொறாமை.

முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் நிலை. வலது மணிக்கட்டில் நரம்பு அழுந்தி, இரண்டு முறை அறுவை சிகிச்சை ஆகி, இனி ஸ்பானர் பிடிக்கும் பிழைப்பு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இயந்திரவியலில் டிப்ளமோ, தஞ்சாவூரில் ஆறு மாதப் பயிற்சி, இருபத்திரண்டு வயதில் வேலை. பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அவ்வளவுதான் இருக்கிறது. நான் நன்றாகக் கற்றேன். எல்லாவற்றையும் எழுதி வைத்தேன்.

நான் சேர்ந்து மூன்று ஆண்டுகள் கழித்து, வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வேலை செய்து தரும் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் பெண் மெக்கானிக்குகளுக்கு வரவேற்பு இருக்கும் என்று யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். என்னையும், புதிதாகச் சேர்ந்த அமுதாவையும் ஒரு சோடியாக அனுப்பினார்கள். வேலையை அவள் செய்தால் பட்டியலை நான் பார்ப்பேன். நான் செய்தால் அவள் பார்ப்பாள். அப்படித்தான் ஏற்பாடு.

அமுதா தரங்கம்பாடிக்காரி. அவள் அப்பா விசைப்படகு ஓட்டுபவர். படகு இன்ஜினிலும் ஆல்டர்னேட்டர் உண்டு, பெல்ட் உண்டு. ஐ.டி.ஐ. படிப்பதற்கு முன்பே அவற்றைக் கழற்றி மாட்டி வளர்ந்தவள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டர். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் அதை டைனமோ என்பார்கள். அதை ஒரு ரப்பர் பெல்ட் சுழற்றுகிறது. பெல்ட்டின் உட்புறம் நீளவாக்கில் மேடுகள் இருக்கும். அந்த மேடுகள் சக்கரத்தின், அதாவது புல்லியின், பள்ளங்களில் பொருந்தி உட்கார வேண்டும். கலியமூர்த்தி சாருக்கு வலங்கைமான் பக்கம் நிலம் உண்டு. அவர் இதை வேறு மாதிரி சொல்வார்.

"பெல்ட்டுல ஆறு வரப்பு. புல்லியில ஆறு வாய்க்கா. வரப்பு வாய்க்காலுக்குள்ள உக்காரணும். ஒண்ணு தள்ளி உக்காந்தா, ஒரு வாய்க்கா காலியா கெடக்கும், ஒரு வரப்பு வெளிய தொங்கும். வண்டி பத்து கிலோமீட்டர் போகும், அம்பது போகும். அப்பறம் பெல்ட்டு பிஞ்சிரும். தண்ணி பம்பு நிக்கும், இன்ஜின் கொதிக்கும், ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிரும்."

பணிமனையில் எல்லோரும் வரப்பு, வாய்க்கால் என்றுதான் சொல்வோம். இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன்.

என் பொறாமையையும் ஒரு பட்டியலாகவே வைத்திருந்தேன். காகிதத்தில் எழுதவில்லை, மனத்தில். முதலாவது, அவள் விரல்கள். பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்க்க எங்களிடம் ஓர் அளவி இருந்தது. நான் அதை வைத்து அளந்து, அளவைக் குறித்து, கால் சுற்று இறுக்கி, மறுபடி அளப்பேன். அமுதா பெல்ட்டின் நடுப்பகுதியை இரண்டு விரலால் பிடித்து முறுக்குவாள். கால் திருப்பம் வரை போனால் சரி என்பாள். சேர்ந்த முதல் வாரத்தில் கலியமூர்த்தி சார் அவள் முறுக்கிப் பார்த்து விட்ட பெல்ட்டில் அளவியை வைத்துப் பார்த்தார். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. "ம்" என்றார். மூன்று ஆண்டுகளில் எனக்கு அந்த ‘ம்’ கிடைத்ததில்லை.

இரண்டாவது, வாடிக்கையாளர்கள். "அந்தத் தரங்கம்பாடிப் பொண்ணையே அனுப்புங்க" என்று தொலைபேசியில் கேட்பார்கள். பல நேரம் அந்தத் தொலைபேசியை எடுப்பவள் நான்.

மூன்றாவது, செய்த வேலையைப் பதிவு செய்யும் ஜாப் கார்டு. நான் எழுதிய கார்டை கலியமூர்த்தி சார் பென்சிலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படிப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், இறக்குவார். "பன்னெண்டு புள்ளி எட்டுன்னு போட்டுருக்க. இன்ஜின் ஓடுறப்பவா, நிக்கிறப்பவா?" என்று கேட்பார். அமுதாவின் கார்டை ஒரு பார்வை பார்த்து, "சரி, போ" என்பார். அவ்வளவுதான்.

நான்காவது, அவள் வாய். அதைப் பொறாமை என்று அப்போது நான் நினைக்கவில்லை, எரிச்சல் என்று நினைத்தேன். எதைப் பார்த்தாலும் அந்த நொடியே சொல்லிவிடுவாள். யார் முன்னால், எந்த இடம் என்றெல்லாம் பார்க்க மாட்டாள். ஒருமுறை சுவாமிமலையில் ஓர் ஆசிரியை வீட்டில், நான் ஸ்பானரைக் கையில் எடுத்ததுமே, "அக்கா, பேட்டரி நெகட்டிவ் கழட்டல" என்றாள். அது பட்டியலின் முதல் வரி. அதை எழுதியவளிடமே சொல்கிறாள். ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பி வரும்போது கேட்டேன். "அவங்க முன்னாடி சொல்லணுமா? கண்ண காட்டியிருந்தா போதாதா?"

"கடல்ல, போட்டுல அப்படித்தாங்க்கா. பாத்தவன் சொல்லணும். எங்க அப்பாவையே நான் சொல்லுவேன். கரைக்கு வந்து சொல்லிக்கலாம்னு இருந்தா கரைக்கு வரணும்ல?" என்றாள். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். நான் வாங்கவில்லை.

அமுதா சேர்ந்த மறு ஆண்டு பங்குனியில் இரண்டு செய்திகள் வந்தன. வீட்டுச் சேவைப் பிரிவுக்கு ஒரு தலைமை டெக்னீஷியனைப் போடப் போகிறார்கள் என்பது ஒன்று. கலியமூர்த்தி சார் யார் பெயரைச் சொல்கிறாரோ அவர்தான் என்பது மற்றொன்று. என்னிடம் டிப்ளமோ இருந்தது, மூன்று ஆண்டு மூப்பு இருந்தது. அவளிடம் ‘ம்’ இருந்தது.

அதற்கடுத்த வாரம் திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து அழைப்பு. சாமிநாதன் என்ற விவசாயி. வண்டியில் பேட்டரி விளக்கு எரிகிறது, பெல்ட் கத்துகிறது. மறுநாள் அவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அன்று மாலையே குடும்பத்தோடு போய்த் தங்க வேண்டும். மகன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார், பேத்திக்கு மூன்று வயது. வேறு வண்டி பிடிக்கலாம்தான். ஆனால் இந்தக் காரில்தான் போவேன் என்று சாமிநாதனின் மனைவி பிடிவாதமாக இருந்தார். மகனின் முதல் சம்பளத்தில் வாங்கிய பழைய கார் அது.

காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் சாமியானா போடவில்லை, அதற்குப் பதிலாக உளுந்து கிடந்தது. சம்பா அறுவடைக்குப் பின் வயலில் தெளித்த உளுந்தைப் பிடுங்கி, செடியோடு சாலையில் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரங்கள் ஏறி அடித்துக் கொடுக்கும். பங்குனி மாதத்தில் எங்கள் பக்கத்துச் சாலை பாதிக்குமேல் களம்தான். அமுதா பானெட்டைத் திறந்து, பழைய பெல்ட்டைக் கழற்றி, ஆல்டர்னேட்டர் புல்லியின் வாய்க்காலை நகத்தால் சுரண்டினாள். இரண்டு உளுந்து வந்து விழுந்தது.

"ஐயா, உங்க வண்டி உளுந்து ஒடச்சிருக்கு" என்றாள்.

"ஊரு உளுந்தெல்லாம் ஏறி மிதிக்குது. அது கூலி எடுத்துக்கிச்சு போல" என்றார் சாமிநாதன்.

உளுந்துத் தூசியும் செடியின் சொணையும் உள்ளே போய் பேரிங் இறுகிவிட்டிருந்தது. ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டும். அந்தப் பழைய மாடலுக்குப் புதியது உடனே கிடைக்காது. பழுது நீக்கிப் புதுப்பித்த ஒன்றைத் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன். ஒரு மணிக்கு வந்தது. அன்று வேலை அமுதாவுடையது, பட்டியல் என்னுடையது.

அவள் வேலை செய்த முறையை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். ஆல்டர்னேட்டர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்தாள். புது புல்லியைக் கையால் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்டாள். கீழே உள்ள நீள போல்ட்டை விரலாலேயே கடைசி வரை ஏற்றினாள். விரலால் ஏறாத போல்ட்டை ஸ்பானரால் ஏற்றக்கூடாது, அது நான்காவது வரி. பிறகு மேல் போல்ட். பின்புறம் தடித்த ஒயரை மாட்டி நட்டை இறுக்கி, ரப்பர் மூடியைப் போட்டாள். சின்ன சாக்கெட்டை அது ‘டக்’ என்று சொல்லும்வரை அழுத்தினாள். அதன்பின் பையிலிருந்து வலை பின்னும் நைலான் நூலை எடுத்து, இன்ஜின் புல்லிக்கும் ஆல்டர்னேட்டர் புல்லிக்கும் குறுக்கே இழுத்துப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

அந்த நேரத்தில் நான் பெல்ட்டின் எண்ணைச் சரிபார்க்கக் கடைக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். "அக்கா, இதுல ஒண்ணு கூட இருக்கு" என்று அமுதா சொன்னாள். பெட்டியில் ஒரு போல்ட்டோ வாஷரோ கூடுதலாக வந்திருக்கும் என்று நினைத்து, "ம்" என்றேன். கலியமூர்த்தி சாரின் ‘ம்’ வேறு. என்னுடையது காதில் வாங்காத ‘ம்’.

பெல்ட்டை மாட்டி, முறுக்கிப் பார்த்து, பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்தாள். மீட்டரில் பதினான்கு வோல்ட். விளக்குகளையும் ஏ.சி.யையும் போட்டும் பதின்மூன்றரைக்குக் கீழே இறங்கவில்லை. சத்தம் இல்லை. அவளுக்கு ஊரில் அம்மன் கோயில் திருவிழா, இரண்டு நாள் விடுப்பு. மயிலாடுதுறை பஸ் வரும் நேரமாகிவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனாள்.

அப்போதுதான் நான் டார்ச்சை அடித்தேன். ஆல்டர்னேட்டர் புல்லியில், என் பக்கம் பார்த்திருந்த முதல் வாய்க்கால் காலியாக இருந்தது. பெல்ட் ஒரு வாய்க்கால் தள்ளி உட்கார்ந்திருந்தது.

எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது. பயத்தின் குளிர்ச்சி இல்லை. வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி.

அமுதா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எல்லாம் சரியாக்கா?"

சொல்லாமல் இருக்க மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. வாடிக்கையாளர் முன்னால் சொல்லக்கூடாது. அவளுக்குப் பஸ் போய்விடும். அவள் போனபின் நானே சரி செய்துவிடலாம். மூன்றும் நல்ல காரணங்கள். அவள் பஸ் ஏறிப் போனபின்பும் நான் சரி செய்யவில்லை என்பதால், மூன்றும் பொய் என்று தெரிகிறது.

"எல்லாம் சரி" என்றேன். பானெட்டை நானே மூடினேன்.

சாமிநாதனின் மனைவி ஒரு தூக்குவாளி நிறையப் பாயசம் கொடுத்து அனுப்பினார். பேத்தி கார் சன்னலில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். வழியில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், கலியமூர்த்தி சாருக்குப் போன் வரும், அமுதா செய்த வேலை என்று தெரியும். இதுவரைக்கும்தான் யோசித்தேன். வண்டி எங்கே, எந்த வேகத்தில் நிற்கும், உள்ளே யார் இருப்பார்கள் என்ற இடத்துக்கு என் யோசனை போகவில்லை. போகாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

பணிமனைக்குத் திரும்பி ஜாப் கார்டை எழுத உட்கார்ந்தபோது மணி மூன்றே கால். ஒன்று, சரி. இரண்டு, சரி. எட்டு வரை எழுதினேன். ஒன்பதாவது வரி: ‘பெல்ட்டின் எல்லா வரப்புகளும் வாய்க்காலில் அமர்ந்துள்ளனவா?’ பேனா நின்றது. வாயால் ‘எல்லாம் சரி’ என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகவில்லை. அதையே என் கையெழுத்தில் எழுத முடியவில்லை. இது நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். பட்டியல் போட்டுப் பழகிய கைக்குப் பட்டியலில் பொய் எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

சாமிநாதனுக்குப் போன் செய்தேன். மணி அடித்து நின்றது. ஐந்து முறை. கிளம்பியிருப்பார்கள்.

கலியமூர்த்தி சாரிடம் போய் அனுமதி கேட்டேன்.

"எங்க போற?"

"திருக்கடையூர், சார்."

"உனக்கு என்ன வயசாச்சு, அதுக்குள்ள திருக்கடையூரு?"

"ஒரு வண்டியப் பாக்கணும், சார். காலைல செஞ்ச வண்டி."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து தன் டார்ச்சை எடுத்துக் கொடுத்தார். "உன்னுது மங்கலா எரியுது" என்றார்.

ஸ்கூட்டரில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் உளுந்து, பயறு. செடிகளின் மேல் வண்டி வழுக்கும், மெதுவாகத்தான் போக வேண்டும். சாமிநாதனுடையது வெள்ளைக் கார்; சாலையோரம் வெள்ளைக் கார் எது நின்றாலும் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தேன். மயிலாடுதுறை தாண்டி ஒரு புளியமரத்தடியில் வெள்ளைக் கார் ஒன்று பானெட் திறந்து நின்றது. பக்கத்தில் பட்டுப்புடைவை கட்டிய ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். பிரேக் பிடித்த இடத்தில் ஸ்கூட்டர் சாய்ந்து, முழங்காலில் அடி. எழுந்து ஓடினேன். வேறு கார், வேறு குடும்பம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "என்னம்மா, உங்களுக்குத் தண்ணி வேணுமா?" என்று அந்தப் பெண் கேட்டார். வாங்கிக் குடித்தேன்.

திருக்கடையூரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் அறுபது வயது மாப்பிள்ளைகள். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு விடுதி வாசலில் அந்தக் கார் நின்றது. பத்திரமாக, நேராக நின்றது. சாமிநாதன் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து மாலைக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். போன் பெட்டிக்குள் எங்கேயோ கிடக்கிறதாம்.

"வாங்க, வாங்க. நாளைக்குத்தானம்மா கல்யாணம், இன்னைக்கே வந்துட்டீங்க?"

"பானெட்ட ஒருதரம் தொறங்க, ஐயா."

முகத்தைப் பார்த்து உடனே திறந்தார். இன்ஜின் சூடு முகத்தில் அடித்தது. டார்ச்சை அடித்தேன். முன்னால் அந்த வாய்க்கால் அப்படியே காலியாக இருந்தது. பின்னால் வரப்பு தொங்குகிறதா என்று பார்க்கத் தலையை உள்ளே விட்டேன். தொங்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பெல்ட்டில் ஆறு வரப்பு. ஆறும் ஆறு வாய்க்காலில் அமர்ந்திருந்தன. காலியாக இருந்தது ஏழாவது. தஞ்சாவூரிலிருந்து வந்த ஆல்டர்னேட்டரில் ஏழு வாய்க்கால் புல்லி. மற்ற புல்லிகளோடு நேராக நிற்க வேண்டுமானால் முன் வாய்க்காலைக் காலியாகத்தான் விட வேண்டும். அதற்குத்தான் நூல் பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

சாமிநாதன் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஒரு வாய்க்காலுக்குத் தண்ணி வரல? வண்டியிலயும் தண்ணி போய்ச் சேராத கடமட இருக்கா?"

"புல்லியில ஒரு வாய்க்கா கூட இருக்குங்க. வேற ஒண்ணும் இல்ல."

"அதான் அந்தப் பொண்ணு அப்பவே சொல்லுச்சே, ஒண்ணு கூட இருக்குன்னு. நீங்ககூட போன் பேசிக்கிட்டே ம்னு சொன்னீங்களே."

அவர் மனைவி என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அமுதாவின் கையால் நடந்திருக்காது. அவள் வேலை சரியாகவே இருந்தது. தவறு என்று நம்பி, நம்பிய பின்னும் மூன்று வயதுக் குழந்தையை அந்தக் காரில் ஏறவிட்டவள் நான். மறுநாள் ஜாப் கார்டின் ஒன்பதாவது வரியில் ‘சரி’ என்று எழுதினேன். அது உண்மை.

தாலி கட்டி முடித்த கையோடு சாமிநாதன் கலியமூர்த்தி சாருக்குப் போன் செய்திருக்கிறார். ‘வேலையை முடித்துவிட்டு இவ்வளவு தூரம் பின்னாலேயே வந்து பார்க்கிற பெண்ணை நான் கண்டதில்லை’ என்று. அமுதா விடுப்பு முடிந்து வந்த காலையில், எல்லோரையும் நிற்க வைத்து கலியமூர்த்தி சார் பேசினார். அவர் அப்படி நிற்க வைத்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"வண்டிய அனுப்பிட்டா வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனைக்கிறோம். வண்டி போய்ச் சேந்தாத்தான் முடிஞ்சிது. இந்தப் பொண்ணு போய்ப் பாத்துட்டு வந்துச்சு." என் பக்கம் திரும்பி, "ம்" என்றார்.

நான்கு ஆண்டுகளாகக் கேட்க நினைத்த ‘ம்’ அது.

உணவு இடைவேளையில் அமுதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்காகவாக்கா போன? முட்டியில வேற அடியாமே?"

"ஆமா" என்றேன்.

பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த நெத்திலிக் கருவாடு. "அம்மா குடுத்துவிட்டுச்சு. உனக்குன்னே கேட்டு வாங்கினேன்." அதுவரை என்னை நீங்க என்றும் நீ என்றும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து நீ மட்டும்தான். அந்தக் கருவாட்டை நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. என் மனத்துப் பட்டியலில் அதையும் சேர்க்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துத் தலைமை டெக்னீஷியன் பொறுப்பு எனக்கு வந்தது. உட்கார்ந்த முதல் நாள் பட்டியலில் பதினான்காவது வரியைச் சேர்த்தேன். அமுதா படித்துவிட்டுச் சிரித்தாள். "இதக்கூட எழுதணுமாக்கா? இது வாயில தானா வந்துரும்ல?"

‘உனக்கு வரும், எனக்கு வராது’ என்று சொல்லவில்லை. அவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது நின்றுவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். பொறுப்பு என்னிடம் இருந்தது, ஆனால் வாடிக்கையாளர்கள் அவளைத்தான் கேட்டார்கள். நான்காவது ஆண்டு அவள் வேலையை விட்டு, தரங்கம்பாடியில் கடற்கரைச் சாலையில் சொந்தமாகக் கடை போட்டாள். பலகையில் ‘படகு, கார், டைனமோ’ என்று எழுதியிருந்தது. திறப்பு விழாவுக்குப் போய்விட்டு வந்து இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இப்போது சென்ற மாதத்துக்கு வருகிறேன். குரல் செய்தி வந்த அதே வாரம். என் வீட்டுக் காரில் பேட்டரி விளக்கு எரிந்தது. மணிக்கட்டை நினைத்து, கடையில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. வீட்டு வாசலில் பாய் விரித்து, இடது கையால் நாள் முழுக்க உட்கார்ந்து ஆல்டர்னேட்டரை மாற்றினேன். நெகட்டிவை முதலில் கழற்றினேன். போல்ட்டை விரலால் ஏற்றினேன். பெல்ட்டை மாட்டி, வரிவரியாகப் பட்டியலைப் படித்துப் பார்த்தேன். பதிமூன்றும் சரி. பதினான்காவதுக்கு ஆள் இல்லை.

உதிரிப் பாகம் வாங்க அமுதா கும்பகோணம் வந்திருந்தாள். போகிற வழியில் எட்டிப் பார்க்கச் சொன்னேன். கையில் பைகளோடு வந்தாள், கேட்டைத் திறந்தாள், பானெட்டுக்குள் பார்த்தாள். பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

"அக்கா, ஒரு வாய்க்கா தள்ளி உக்காந்திருக்கு."

"இல்ல. நான் எண்ணிப் பாத்தேன்."

"பின்னாடி பாரு. வரப்பு தொங்குது."

பார்த்தேன். தொங்கியது. முன்னால் காலியாக இருந்ததை ஏழாவது வாய்க்கால் என்று நினைத்திருந்தேன்; என் கார் புல்லியில் ஆறே வாய்க்கால்தான். ஒன்பதாவது வரியில் ‘சரி’ என்று நான் போட்டிருந்தேன். இடது கையால் நகம் வைத்துப் பார்க்கும்போது கடைசிப் பள்ளத்துக்கு விரல் எட்டவில்லை. எட்டியதாக நினைத்துவிட்டேன்.

அவள் பைகளை வைத்துவிட்டு, ஸ்பானரை எடுத்து போல்ட்டைத் தளர்த்த ஆரம்பித்தாள். கேட்டைத் திறந்ததிலிருந்து வாயைத் திறந்தது வரை அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு அடி தூரம் நடக்கும் நேரம். நான் ஒன்பது ஆண்டாக நடந்துகொண்டிருக்கிறேன். அவள் விரல்கள் மேல் எனக்கிருந்த பொறாமை இப்போது இல்லை, என் விரல்களே போய்விட்டன. மிச்சமிருப்பது அந்த நான்கு அடி மேல் உள்ள பொறாமைதான்.

"அமுதா, அன்னிக்கு நான் உனக்காகத் திருக்கடையூர் போகல."

"எப்ப?"

"அந்த உளுந்து வண்டி. ஏழு வாய்க்கா புல்லி. நீ மாட்டுனது தப்புன்னு நெனச்சேன். பாத்தேன், சொல்லாம மூடிட்டேன். நீ மாட்டிக்கணும்னு. அப்பறம்தான் பயந்து ஓடுனேன்."

அவள் கை நின்றது. தலை பானெட்டுக்குள் இருந்ததால் முகம் தெரியவில்லை.

"அந்தப் பாப்பா உள்ள இருந்துச்சு, வண்டில" என்றாள்.

"ஆமா."

மறுபடி போல்ட்டைத் தளர்த்தினாள். பெல்ட்டைத் தூக்கி ஒரு வாய்க்கால் முன்னால் இழுத்து வைத்தாள். இறுக்கினாள். இரண்டு விரலால் பிடித்து முறுக்கினாள். கால் திருப்பத்தில் நின்றது.

"அந்த நெத்திலியத் திருப்பிக் குடு" என்றாள்.

குரலில் சிரிப்பு இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது சிரிக்கவில்லை. என் துணியை வாங்கிக் கையைத் துடைத்தாள். டார்ச்சை என்னிடம் கொடுத்தாள்.

"எண்ணு."

எண்ணினேன். சத்தமாக. ஆறு.

"வேற ஏதாச்சும் பாத்தியாக்கா?"

டார்ச்சை அடித்து, மேலிருந்து கீழே, இன்னொரு முறை முழுக்கப் பார்த்தேன்.

"இல்ல. அவ்வளவுதான்."

"அப்ப மூடு" என்றாள்.